குட்டிக் கணினி, குறைந்த செலவு: நான்கு வழிகளில் உங்கள் வீட்டுக்கு எது?

“முப்பத்தஞ்சாயிரம் இருக்குடா. ஹால்ல டிவி ஸ்டாண்டு பக்கத்துல அடங்கற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும். பையனுக்குப் படிப்பு, மாமாவுக்கு எக்செல், ராத்திரி எல்லாரும் படம் பார்க்கணும். எதை வாங்கறது?”

தாம்பரத்தில் இருக்கும் அக்கா போன மாதம் கேட்டாள். என்னிடம் வருவதற்கு முன்பே நாலு பேரிடம் யோசனை கேட்டிருந்தாள். ஒருவர், ஆபீஸில் கழித்துப்போட்ட குட்டிப் பெட்டியை வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், ஆன்லைனில் கிடைக்கும், என்100 என்ற சிறிய பிராசசர் போட்ட மினி பிசியே போதும் என்கிறார். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன், ரைசன் 5600ஜி பிராசசர் போட்டு அசெம்பிள் செய்து தருகிறேன் என்கிறான். அவள் பார்த்த ஒரு வீடியோவில் மினி ஐடிஎக்ஸ் என்ற குட்டி போர்டில் கட்டிய அழகான பெட்டியைக் காட்டி, இதுதான் சிறந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த நாலுமே யாரோ ஒரு வீட்டுக்குச் சரியான பதில்தான். குழப்பம் வருவதும் அதனால்தான்.

சில வருடங்களாகச் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கணினி பொருத்திக் கொடுத்து வருகிறேன். அதில் எனக்குப் பட்டது இது: சின்ன அளவு என்பதும் ஒரு பாகம் மாதிரிதான். பிராசசருக்கும் ராமுக்கும் பணம் கொடுப்பதுபோல அதற்கும் கொடுக்கிறோம். பில்லில் அது தனி வரியாக வராததால் நமக்குத் தெரிவதில்லை. எவ்வளவு சின்னதாக வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாகங்களின் விலையை இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை. 2025-இன் பிற்பாதியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டே போனது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவக சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். குரூஷியல் என்ற பெயரில் வீட்டு வாடிக்கையாளர்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பகம்) விற்று வந்த மைக்ரான் நிறுவனம், அந்த வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட காலத்தில் நான் இன்று எழுதும் விலை நீங்கள் படிக்கும்போது பொய்யாகிவிடும். ஆனால் எந்த வழியில் எந்தச் செலவு கூடும், எது குறையும் என்பது மாறாது. அதைப் பார்ப்போம்.

## முதலில் அளவுகோல்கள்

இடம். கணினிப் பெட்டியின் பருமனை லிட்டரில் சொல்வது வழக்கம். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினால் வருவதுதான். ஒரு லிட்டர் பெட்டி என்றால் இரண்டு அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு. மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற நடுத்தர போர்டு போடும் சின்னக் கேபினட் இருபது லிட்டரைச் சுற்றி வரும், அதாவது வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் அளவு. சாதாரண டவர் நாற்பது லிட்டரைத் தாண்டும். “சின்னதாக வேண்டும்” என்று மட்டும் சொல்லாமல், வைக்கப்போகும் இடத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். பின்னால் வயர் வளைவதற்கு நாலு விரல் இடம் விடுங்கள். கதவு போட்ட அலமாரிக்குள் வைக்கும் எண்ணம் இருந்தால், அதை இப்போதே கைவிடுவது நல்லது. சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் எந்தப் பெட்டியும் மூச்சு விட முடியாது.

வாரம் ஒருமுறையாவது செய்யப்போகும் கடினமான வேலை. என்றாவது ஒருநாள் வீடியோ எடிட் செய்யலாம் என்ற ஆசையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உண்மையிலேயே வாராவாரம் செய்யப்போவது எது? பிராசசரைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான்.

பின்னால் கிராஃபிக்ஸ் கார்டு போடுவீர்களா? ஆம் என்றால் நாலு வழிகளில் இரண்டு உடனே விழுந்துவிடும்.

பழுதானால் யார் பார்ப்பார்? சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் என்ற மின்னணுச் சந்தை இருக்கிறது, எதையாவது தேடிப் பிடித்துவிடலாம். தென்காசியிலோ பட்டுக்கோட்டையிலோ இருந்தால், உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பாகத்தால் ஆன கணினிக்குத் தனி மதிப்பு உண்டு. கணினி பார்க்கத் தெரிந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் இதை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

மின்சாரம். பலர் இதைப் பெரிய விஷயமாகச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. இரண்டு கணினிகளுக்கு இடையே 20 வாட் வித்தியாசம், நாளுக்கு 8 மணி நேரம், இரண்டு மாதம் என்றால் 9.6 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற எல்லையின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு மட்டும் அது வலிக்கும், ஏனென்றால் அதைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கும் கட்டணம் மாறுகிறது. மற்றவர்களுக்கு பில்லை விடக் கரண்ட் போகும்போது யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே முக்கியம்.

## வழி ஒன்று: கழித்துவிட்ட அலுவலகப் பெட்டி

டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி. மூன்றும் ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்டிகள். கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் வாங்கி, சில வருடம் ஓட்டி, மொத்தமாகக் கழித்துவிடும். அவை துடைத்துச் சோதிக்கப்பட்டு ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் விற்பனைக்கு வரும்.

இதில் ஒரே ஒரு விதியை மறக்காதீர்கள்: இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது 8ஆம் தலைமுறையிலிருந்துதான். அதனால்தான் 6, 7ஆம் தலைமுறைப் பெட்டிகளை அலுவலகங்கள் மூட்டை மூட்டையாக வெளியே தள்ளுகின்றன. கடையில் நம்பமுடியாத விலைக்கு ஒரு ‘ஐ5’ இருந்தால் அது பெரும்பாலும் 6500டி ஆகத்தான் இருக்கும். லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவருக்கு அதுவும் நல்ல பொருள்தான். அக்கா வீட்டுக்கு ஆகாது.

8ஆம் தலைமுறையில் ஐ5-8500டி நான் அடிக்கடி பரிந்துரைப்பது. ஆறு கோர் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆறு மூளை மாதிரி), 35 வாட். எக்செல், ஆன்லைன் வகுப்பு, இருபது டேப் திறந்த பிரவுசர் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் செய்யும். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் பெட்டியோடு சேர்ந்தே வந்துவிடும். புதிதாக அசெம்பிள் செய்பவர் அந்த உரிமத்துக்குத் தனியாகக் கொடுக்கும் பணம் சிறியதல்ல. ராம் விலை ஏறிக் கிடக்கும் இந்த நேரத்தில் பெட்டிக்குள்ளேயே ராமும் எஸ்எஸ்டியும் இருப்பது இன்னொரு லாபம்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் லேன் வயரில் ஓடியதால் பல பெட்டிகளில் வைஃபை கார்டு இருக்காது. பின்பக்கம் எச்டிஎம்ஐ இல்லாமல் டிஸ்பிளேபோர்ட் மட்டும் இருக்கலாம், அப்போது மாற்றி வயர் வாங்க வேண்டும். அடாப்டர் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. சில பெட்டிகள் மாற்று அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் பிராசசர் வேகத்தையே குறைத்துவிடும். ஆகவே ஒரிஜினல் அடாப்டர் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) நுழைந்து பார்க்கவும் மறக்காதீர்கள். பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் பின்னால் தலைவலி. எஸ்எஸ்டியின் ஆயுள் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒரு நிமிடத்தில் காட்டும், கடையிலேயே காட்டச் சொல்லுங்கள்.

படிப்பு, அலுவலக வேலை, படம் பார்ப்பது ஆகிய மூன்றும் மட்டுமே தேவை, இடமும் குறைவு, பணமும் குறைவு என்றால் இந்த வழியை மிஞ்ச எதுவும் இல்லை. விளையாட்டு, எடிட்டிங் என்று பேச்சு வந்தால் இது சரிப்படாது.

## வழி இரண்டு: என்100 மினி பிசி

2023 ஜனவரியில் இன்டெல் அறிமுகப்படுத்திய சிறிய பிராசசர் இது. நாலு கோர், 6 வாட். உள்ளங்கை அளவுப் பெட்டியில் போர்டோடு சேர்த்து ஒட்டியே வரும். வேகம் கிட்டத்தட்ட 6ஆம் தலைமுறை ஐ5 அளவு என்று வைத்துக்கொள்ளலாம். வீடியோ பார்ப்பதில் மட்டும் 8500டியை மிஞ்சுகிறது, ஏனென்றால் ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை வன்பொருளிலேயே விரிக்கும் வசதி இதில் உண்டு, 8500டியில் இல்லை.

டிவிக்குப் பின்னால் மாட்டிவிட்டு மறந்துவிடலாம். யூடியூப், ஓடிடி, குழந்தையின் வீட்டுப்பாடம், வீட்டுப் படங்களையும் ஆவணங்களையும் சேமிக்கும் எப்போதும் ஓடும் பெட்டி ஆகியவற்றுக்கு அருமையாகப் பொருந்தும். கனமான எக்செல் கோப்பும் முப்பது டேப்பும் ஒன்றாகத் திறந்தால் திணறுவது தெரியும்.

வாங்கும்போது ராம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சில பெட்டிகளில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபிதான். சேமிப்பகம் ஈஎம்எம்சி (போர்டிலேயே ஒட்டிய மெதுவான வகை) என்று போட்டிருந்தால் வேண்டாம், எம்.2 எஸ்எஸ்டி இருப்பதையே எடுங்கள். இதைவிடப் பெரிய கவலை வாரண்டி. இந்தப் பெட்டிகளில் பல, பெயரே கேள்விப்படாத பிராண்டுகளில் வருகின்றன. பத்து மாதம் கழித்து ஆன் ஆகவில்லை என்றால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பழுதான ஒரு பாகத்தை மாற்றுவது என்ற பேச்சே இதில் இல்லை, மொத்தமாகத்தான் தூக்கிப் போட வேண்டும். நம் ஊரில் சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்டாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

## வழி மூன்று: மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் அசெம்பிள் செய்வது

புதிதாகக் கட்டுவது என்று முடிவு செய்தவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இந்த வழிதான். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு அதிகபட்சம் 244 மி.மீ. சதுரம். மினி ஐடிஎக்ஸ் 170 மி.மீ. சதுரம். ஒரு பக்கத்துக்கு ஏழரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அந்த ஏழரை சென்டிமீட்டரை விட்டுக்கொடுத்தால் போர்டு, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), கேபினட், கூலர் என நாலு இடத்தில் பணம் மிச்சம். மாவட்டத் தலைநகரில் உள்ள எந்தக் கடையிலும் மாற்றுப் பாகம் கிடைக்கும்.

பிராசசரில் மூன்று பேர் போட்டிக்கு வருகிறார்கள்.

ரைசன் 5 5600ஜி. 2021-இல் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட், டிடிஆர்4 என்ற முந்தைய தலைமுறை ராம். உள்ளேயே இருக்கும் வேகா கிராஃபிக்ஸ், வேலரண்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளைத் தனிக் கார்டு இல்லாமலே ஓட்டும். வேகத்தில் சற்றே வேறுபடும் 5600ஜிடி, 5500ஜிடி என்ற உடன்பிறப்புகளும் உண்டு, எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். குறைகளும் இருக்கின்றன. ஏவி1 வீடியோவுக்கு வன்பொருள் உதவி இல்லை. பிசிஐஇ (எஸ்எஸ்டியும் கார்டும் பிராசசரோடு பேசும் பாதை) 3.0-தான், ஆகவே விலை கூடிய 4.0 எஸ்எஸ்டி வாங்கிப் போட்டாலும் 3.0 வேகத்தில்தான் ஓடும். பிற்பாடு ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி மாதிரி நாலு லேன் (அந்தப் பாதையின் தடம்) மட்டுமே உள்ள மலிவுக் கார்டு போட்டால் அதன் வேகமும் அடிபடும். கார்டு போடுவது உறுதி என்றால் இந்தப் பிராசசரே வேண்டாம்.

இன்டெல் ஐ3-12100 அல்லது ஐ5-12400. எச்610 போர்டில் டிடிஆர்4 ராமோடு போடலாம். உள்ளிருக்கும் யூஎச்டி 730 கிராஃபிக்ஸ் விளையாட்டுக்கு உதவாது. ஆனால் ஏவி1 விரிக்கும். கேமராக்காரர்களுக்கு இன்னொரு பெரிய உதவியும் இதில் உண்டு: இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் எடுக்கும் 10 பிட், 4:2:2 வகை எச்.265 வீடியோவை இது வன்பொருளிலேயே விரித்துத் தரும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் என் நண்பருக்கு 12400 போட்டுக் கொடுத்ததற்கு இதுதான் காரணம். 5600ஜி போட்டிருந்தால் டைம்லைனை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் காத்திருந்திருப்பார். கிராஃபிக்ஸ் கார்டு பின்னால் போடும் திட்டம் இருந்தாலும் இந்த வரிசையே பொருத்தம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 12100எஃப், 12400எஃப் என்று கடைசியில் எஃப் சேர்ந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசனில் ஜி இல்லாத 5500, 5600 இரண்டும் அப்படியே. விலை குறைவு என்று இவற்றை வாங்கி வந்து, மானிட்டரில் படமே வரவில்லை என்று போன் செய்தவர்கள் உண்டு. கொட்டேஷனில் அந்த ஒரு எழுத்தைப் பாருங்கள்.

ரைசன் 5 8600ஜி. 2024 ஜனவரியில் வந்தது. இதில் உள்ள ரேடியான் 760எம் கிராஃபிக்ஸ், வேகாவைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறது. தனிக் கார்டு இல்லாமல் விளையாட விரும்புபவருக்கு உண்மையான தீர்வு இதுதான். இந்தப் பிராசசர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டை 2027-உம் அதற்குப் பிறகும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால் போர்டை மாற்றாமலே பிராசசரை மாற்ற வழி இருக்கிறது. ஆனால் புதிய தலைமுறையான டிடிஆர்5 ராம் கட்டாயம். இன்றைய ராம் விலையில், சிக்கனம் என்ற சொல்லோடு இதைச் சேர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராம் விலை இறங்கிய பிறகு இதுவே முதல் தேர்வாக வரலாம். இதன் தம்பி 8500ஜியில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு நாலு லேன் மட்டுமே போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த வழியின் மறைவான செலவுகள்: விண்டோஸ் உரிமம், மலிவுப் போர்டுகளில் இல்லாத வைஃபை, பிறகு அசெம்பிளிக் கூலி. ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி என்பதால் பழுது வந்தால் எந்தப் பாகம் என்று கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு.

## வழி நான்கு: மினி ஐடிஎக்ஸ்

2001-இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு இது. கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் சிக்கனமாகக் கட்ட நினைப்பவர் பணத்தை இழக்கும் இடமும் இதுதான். அதே சிப்செட், அதே வசதி, அளவு மட்டும் சின்னது என்றால் போர்டின் விலை கூடுகிறது. நல்ல குட்டிக் கேபினட்டுகளில் பல, எஸ்எஃப்எக்ஸ் என்ற குட்டி எஸ்எம்பிஎஸ்தான் கேட்கும். அதே வாட், அதே தரத்தில் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸைவிட அதற்கு விலை அதிகம், நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதும் அரிது. அது போனால் கணினி ஒரு வாரம் படுத்துக் கிடக்கும். போர்டில் கார்டு ஸ்லாட் ஒன்று, ராம் ஸ்லாட் இரண்டு, அவ்வளவுதான். பல போர்டுகளில் வைஃபை சேர்ந்தே வந்துவிடும் என்ற ஒரு நல்ல விஷயம் இருக்கிறது.

பலரும் கவனிக்காதது ஒன்று. கூலர் மாஸ்டர் என்ஆர்200 பேர் பெற்ற மினி ஐடிஎக்ஸ் கேபினட், அதன் பருமன் 18 லிட்டருக்குச் சற்று மேல். தேடிப் பார்த்தால் இருபது சொச்சம் லிட்டரில் மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினட் கிடைக்கிறது. சில லிட்டர் மிச்சத்துக்காக இவ்வளவு கூடுதல் செலவு, என் கணக்கில் தகாது.

ஆனாலும் இதுவே சரியாக அமையும் இடம் ஒன்று உண்டு. சக்தியுள்ள கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும், பெட்டியைப் பையில் வைத்து ஊருக்கும் விடுதிக்கும் எடுத்துப் போகவும் வேண்டும் என்பவருக்கு வேறு வழி கிடையாது. கார்டே வேண்டாம், சின்னதாக மட்டும் வேண்டும் என்றால் ஐடிஎக்ஸ் பக்கம் போகாமல் ஆஸ்ராக் டெஸ்க்மினி மாதிரியான அரைகுறைப் பெட்டியைப் பாருங்கள். போர்டும் அடாப்டரும் கேபினட்டும் சேர்ந்தே வரும், பிராசசர், கூலர், லேப்டாப் ராம், எஸ்எஸ்டி மட்டும் நாம் போட வேண்டும். இரண்டு லிட்டருக்குள் 5600ஜியை அடைக்க எனக்குத் தெரிந்த சுருக்கமான வழி அதுதான்.

## ஒரே பார்வையில்

| | அலுவலகப் பெட்டி | என்100 | மைக்ரோ ஏடிஎக்ஸ் | மினி ஐடிஎக்ஸ் |
|---|---|---|---|---|
| பருமன் | 1 லிட்டர் | 1 லிட்டருக்கும் கீழ் | 20 லிட்டரைச் சுற்றி | கார்டு போடும் பெட்டிகள் 10 முதல் 20 லிட்டர் |
| தாங்கும் வேலை | அலுவலகம், படிப்பு, படம் | படம், இலகுவான படிப்பு | எடிட்டிங், விளையாட்டு | எடிட்டிங், விளையாட்டு |
| கிராஃபிக்ஸ் கார்டு | முடியாது | முடியாது | முடியும் | முடியும், நீளம் அளந்து |
| ராம் கூட்டுதல் | லேப்டாப் ராம், சுலபம் | பெட்டியைப் பொறுத்தது | சுலபம் | இரண்டு ஸ்லாட் மட்டும் |
| உள்ளூரில் பழுது | அடாப்டர் தவிரச் சிரமமில்லை | கடினம் | மிகச் சுலபம் | எஸ்எம்பிஎஸ் கிடைப்பது கடினம் |
| மறைவான செலவு | வைஃபை, மாற்றி வயர் | வாரண்டி இழப்பு | விண்டோஸ், வைஃபை | எஸ்எஃப்எக்ஸ், குள்ளக் கூலர், விண்டோஸ் |

## பாகங்களில் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது

ராம். உள்ளிருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். டிடிஆர்4-3200 ஒரே ஸ்டிக் என்றால் நொடிக்கு 25.6 ஜிபி போக்குவரத்து. இரண்டு ஸ்டிக் என்றால் 51.2. ஆகவே 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு மேல். 5600ஜி வாங்கி ஒற்றை ஸ்டிக் போட்டால், காசு கொடுத்து வாங்கிய கிராஃபிக்ஸின் பாதியைக் கட்டிப்போட்டது மாதிரி. பிறகு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எஸ்எஸ்டி. இங்கே தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பியைத் தொடும், பிசிஐஇ 3.0 பாதையில் ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டி 3500 வரை போகும். காகிதத்தில் ஆறு மடங்கு. வீட்டு வேலையில் விண்டோஸ் திறப்பதிலும் எக்செல் திறப்பதிலும் அந்த ஆறு மடங்கை உங்களால் உணர முடியாது. விலை ஒன்றாக இருந்தால் என்விஎம்இ எடுங்கள், இல்லாவிட்டால் கவலை வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போடுவது மட்டும் கூடவே கூடாது.

எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்ஸை நம்ப வேண்டாம். என் முதல் கணினியில் அப்படி ஒன்றைப் போட்டு, ஒரு மழைக்கால இரவில் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் போர்டையும் சேர்த்து இழந்தேன். 5600ஜி கணினி முழு வேலையில் இருக்கும்போதும் இழுப்பது ஏறத்தாழ 130 வாட்தான். ஆகவே பெரிய வாட் தேவையில்லை, தரம்தான் தேவை. மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) சான்று உள்ள 450 வாட் ஒன்று, இரண்டு கணினிகளின் ஆயுளுக்கு உழைக்கும்.

கூலர், கேபினட். சின்னப் பெட்டி வாங்குபவர்கள் கூலரின் உயரத்தை அளப்பதில்லை, நானும் ஒருமுறை அளக்கவில்லை. பெட்டிக்குள் 47 மி.மீ. இடம், பிராசசரோடு வந்த கூலர் 54 மி.மீ. உயரம். பக்கவாட்டு மூடி மூடவே இல்லை, குள்ளக் கூலருக்குத் தனியாகச் செலவு செய்தேன். கேபினட் வாங்கும்போது முன்பக்கம் வலையும், கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் வைக்காதீர்கள். எறும்பும் பல்லியும் உள்ளே புகுந்து எஸ்எம்பிஎஸ் போன கதை நம் ஊரில் கடைக்கு ஒன்றாவது இருக்கும்.

யூபிஎஸ். இதைப் பட்ஜெட்டில் சேர்க்காதவர்களே அதிகம். 600 விஏ யூபிஎஸ்ஸில் வழக்கமாக 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி இருக்கும். ஒரு லிட்டர் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 40 வாட் இழுத்தால் ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாகத் தாங்கும். அதே யூபிஎஸ்ஸில் அசெம்பிள் செய்த கணினி 80 வாட் இழுத்தால் அதில் பாதிக்கும் குறைவு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யூபிஎஸ் மோடு இருக்கிறதா, சைன் வேவ்தானா என்று முதலில் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் ஓட மறுக்கும்.

## கடைசியில் யார் எதை வாங்கினார்கள்

அக்காவிடம் இரண்டே கேள்வி கேட்டேன். பையன் விளையாடுவானா? “செல்போன்லதான்” என்றாள். டிவி ஸ்டாண்டு பக்கத்தில் எவ்வளவு இடம்? அளந்து பார்த்துவிட்டு, ஒரு ஜாண் என்றாள். 8500டி போட்ட அலுவலகப் பெட்டி, 16 ஜிபி ராமோடு எடுத்தோம். வைஃபைக்குச் சின்ன யூஎஸ்பி கருவி போட்டோம். மிச்சமான பணத்தில் கண்ணை உறுத்தாத 24 அங்குல மானிட்டரும் யூபிஎஸ்ஸும் வந்தன. பையனுக்குத் தமிழ்99 விசைப்பலகை அமைத்துக் கொடுத்தேன், ஒரே வாரத்தில் பழகிவிட்டான்.

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனும் தனக்கு ஒன்று கட்டினான். அவன் போட்டது 5600ஜி, மைக்ரோ ஏடிஎக்ஸ், 8 ஜிபி இரண்டு ஸ்டிக். அவன் தேவைக்கு அது சரி.

நீங்கள் அசெம்பிள் செய்யப் போகிறீர்கள் என்றால், கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் கணினியை அங்கேயே ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். ராம் இரண்டும் சரியான ஸ்லாட்டில் உட்கார்ந்து டூயல் சேனலில் (இரண்டும் சேர்ந்து) ஓடுகிறதா, பயாஸில் எக்ஸ்எம்பி (ராமின் முழு வேகத்துக்கான அமைப்பு) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சீல் பிரித்த பெட்டி பிராசசரா, பெட்டியில்லாத ட்ரே பிராசசரா என்றும் கேளுங்கள். பெட்டியோடு வருவதற்கு ஏஎம்டி, இன்டெல் இரண்டுமே மூன்று வருட வாரண்டி தருகின்றன, ட்ரே என்றால் கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி. அப்புறம், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் பில்லிலேயே எழுதி வாங்கி, அந்த பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சு மை ஒரு வருடத்தில் மங்கிவிடும்.